மாந்தோப்புக் காவலுக்குக் கோம்பையா, கன்னியா, நாட்டு நாயா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் நாய் வாங்கலாம் என்று பேச்சை எடுத்தால், இப்போது முதலில் வரும் பெயர்கள் கோம்பையும் சிப்பிப்பாறையும்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு இதே ஆட்கள் ‘அல்சேஷன் கிடைக்குமா’ என்றுதான் கேட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, முதோல் என்று பெயர் சொல்லி உள்நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்ன பிறகு இந்த ஆசை இன்னும் கூடியது. ஆசை நல்லதுதான். ஆனால் வாங்க வருகிறவர் நிறத்தைக் கேட்கிறார், உயரத்தைக் கேட்கிறார், விலையைக் கேட்கிறார். எதைப் பிடிப்பதற்காக இந்த நாயைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு. வேட்டை நாயின் குணம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

முயலைத் துரத்த வளர்த்த நாயும் பன்றியை மறித்து நிற்க வளர்த்த நாயும் குட்டியாக மடியில் கிடக்கும்போது ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு வயதில் தெரிந்துவிடும் வித்தியாசம். அதனால் இந்த ஒப்பீட்டை அழகிலிருந்து தொடங்காமல் வேலையிலிருந்து தொடங்குகிறேன். நம் மாவட்டத்துத் தோப்புக் கொட்டாயில் நாய்க்கு என்ன வேலை? ராத்திரி ஆள் வந்தால் குரல் கொடுக்க வேண்டும். பட்டியில் இருக்கும் ஆட்டையும் கோழியையும் தொடக்கூடாது. காய் பறிக்க வருகிற கூலியாளைக் கடிக்கக்கூடாது. காட்டோரமாக இருந்தால் பன்றி வருவதைச் சொல்ல வேண்டும். போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. இந்த நாலுக்கும் எது பொருந்துகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் கன்னியும் சிப்பிப்பாறையும். இரண்டும் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் காட்டு நாய்கள். சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயர். கறுப்பு உடம்பில் கால், மார்பு, புருவத்தில் செம்பழுப்புத் தடம் இருந்தால் கன்னி என்றும், இளமஞ்சள் நிறத்தில் வந்தால் பால்கன்னி என்றும் சொல்வார்கள். ஒரே நிறமாக வருவதைச் சிப்பிப்பாறை என்பார்கள். இரண்டும் ஒரே நாய்தான், நிறம்தான் வேறு என்று வாதிடுபவர்களும் உண்டு. தோப்பு வைத்திருப்பவருக்கு அந்த வாதம் தேவையில்லை. குணத்தில் இரண்டும் ஒரே கூட்டம்: ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், நீண்ட முகம். உயரம் இரண்டடிக்குச் சற்று மேலே போகும். ஆனால் உடம்பில் சதை குறைவு என்பதால் தூக்கிப் பார்த்தால் நினைத்ததைவிட இலேசாக இருக்கும்.

இவை கண்ணால் வேட்டையாடும் நாய்கள். மோப்பம் பிடித்துக்கொண்டே போகும் பழக்கம் குறைவு. தூரத்தில் ஏதோ அசைந்தால் போதும், உடம்பு வில்லாக விறைக்கும். அடுத்த நொடி காற்றாகப் போயிருக்கும். துரத்தத் தொடங்கிவிட்டால் காதில் எதுவும் ஏறாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், தட்டில் கறி வைத்து ஆட்டினாலும் பயனில்லை. வெட்டவெளிக் கரிசலில் முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கு இந்தப் பிடிவாதம் தேவைப்பட்டது. நம் ஊரில் தோப்புக்கு அந்தப் பக்கம் சேலம் போகும் நான்குவழிச் சாலை இருந்தால் அதே பிடிவாதம் உயிரை எடுக்கும்.

வேலி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் கல்லுக்கு என்ன பஞ்சம்? கல்லுக்கால் நட்டு நாலு வரி முள்கம்பி இழுத்திருப்போம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது போதும். கன்னிக்கு அந்தக் கம்பி எமன். மெல்லிய தோல், அடியில் கொழுப்பில்லை, ஓடும் வேகத்தில் கம்பிக்கிடையில் நுழைந்தால் தோல் துணி கிழிவதுபோலக் கிழியும். தொடையிலும் விலாவிலும் தையல் விழாத கன்னியைத் தோட்டத்தில் பார்ப்பது அரிது. இந்த நாய்தான் வேண்டும் என்றால் ஆளுயரத்துக்காவது வலைக்கம்பி அடித்துவிட்டுக் குட்டியைக் கொண்டுவாருங்கள்.

குணத்தில் கன்னி கூச்சக்காரி. வீட்டு ஆட்களில் ஒருவரிடம் உயிராக இருக்கும், மற்றவரிடம் மரியாதையாக இருக்கும், வெளியாளைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப்போகும். காரணமில்லாமல் குரைக்காது. அக்கம்பக்கம் வீடுள்ள இடத்தில் இது வரம். காவலுக்கு என்று வாங்கினவருக்கு ஏமாற்றம். அதட்டினால் சுருண்டுவிடும், அடித்துப் பழக்கினால் மனம் உடைந்து, தொட்டாலே பதறும் நாயாகிவிடும். சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்ப்பதற்கு இதைவிடப் பொருந்தாத நாய் கிடையாது. நாள் முழுக்கக் கட்டிக் கிடந்த கன்னி சாயங்காலம் அவிழ்த்ததும் முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டுக் கோழியைத்தான். அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? ஓடுவதைத் துரத்து என்றுதானே நூற்றாண்டுகளாக அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

உடம்பு பற்றி இரண்டு செய்தி. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. ‘பட்டினி போட்டு வச்சிருக்கீங்களே’ என்று பார்ப்பவர் சொல்வதைக் கேட்டுக் களியை உருட்டி உருட்டித் திணித்தால் மூட்டுதான் கெடும். இன்னொன்று: கொழுப்பில்லாத இந்த வகை நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரம் எடுக்கும். கருத்தடைக்கோ தையலுக்கோ கொண்டுபோனால், சிப்பிப்பாறை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் இவை நடுங்கிப்போகும் என்பதால், வைக்கோல் போட்ட மூடிய இடமும் ஒரு கோணிச் சாக்கும் வேண்டும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வெயிலை, நண்பகலில் ஓடவிடாமல் இருந்தால், லாப்ரடாரைவிட நன்றாகத் தாங்கும்.

கோம்பை வேறு ரகம். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கும் கோம்பை ஊர்தான் இதற்குப் பெயர் கொடுத்தது. செவலை நிறம், கருத்த வாய், அகன்ற நெற்றி, கட்டுமஸ்தான உடம்பு. ஏறத்தாழ இரண்டடி உயரம், அதற்கு மேல் போவது குறைவு. நடுத்தர அளவு நாய் என்று உறுதியாகச் சொல்லலாம். மலையடிக் காட்டில் பன்றியை மறித்து நிறுத்த வளர்த்த நாய் இது. ஓடித் துரத்துவதைவிட எதிரே நின்று, விடாமல் குரைத்து, நகரவிடாமல் வைப்பதுதான் இதன் வேலைமுறை. அதற்கு வேண்டிய தைரியமும் தாடை வலுவும் இதற்கு உண்டு.

அந்த வேலைமுறைதான் இதைக் காவலுக்குப் பொருத்தமாக்குகிறது. கோம்பை தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளும். தோப்பு மூலையில் சருகு மிதிபடும் சத்தம் மாறினால் எழுந்து நிற்கும். தெரிந்த ஆள் என்றால் ஒரு உறுமலோடு படுத்துவிடும். தெரியாத ஆள் என்றால் வீட்டுக்காரர் வந்து சொல்லும்வரை விடாது. சொந்தக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் சிநேகிதர்கள் வந்து கட்டிப் புரண்டு விளையாடினால் அது விளையாட்டு என்று இதற்குப் புரியும் என்று நம்பிவிடக்கூடாது. பள்ளிக்கூட விடுமுறையில் மாமா வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கூட்டம் உள்ள கொட்டாயில் இதை யோசித்தே வாங்க வேண்டும்.

இதன் குறையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. பின்வாங்கத் தெரியாத நாய் இது. பாம்பைக் கண்டால் ஒதுங்காமல் எதிரே போய் நிற்கும். மாந்தோப்புச் சருகில் கண்ணாடி விரியன் கிடப்பது நமக்குத் தெரியும். கடிபட்டால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொண்டிருக்காமல் நேரே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும், மனிதருக்குப் போடும் விஷமுறிவு ஊசியேதான் நாய்க்கும். முள்ளம்பன்றியிடம் முகம் முழுக்க முள் வாங்கி வரும். இன்னொரு கடுவனைத் தன் எல்லைக்குள் சகிக்காது. ஆகவே இரண்டு கடுவன் கோம்பை சேர்த்து வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடுவனும் பெட்டையுமாக வைத்து, குட்டி வியாபாரம் வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடலாம்.

ஆடு, கோழி விஷயத்தில் கோம்பைக்கும் கன்னிக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. இரண்டு மாதக் குட்டியாக வந்து பட்டியோடு வளர்ந்த கோம்பை, அந்த ஆடுகளைத் தன் உடைமையாக எண்ணத் தொடங்கிவிடும். வெளியாட்டை விரட்டும், சொந்த ஆட்டை விடும். கன்னியையும் அப்படிப் பழக்கலாம். ஆனால் பழகிய கோழியே திடீரென்று படபடவென்று ஓடினால் கால் தானாகக் கிளம்பிவிடும். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழியை நம்பிக் கன்னியை அவிழ்த்துவிட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ராஜபாளையத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பார்த்தவுடன் ஜமீன் வீட்டு வாசல் நினைவுக்கு வரும். 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் இதற்கும் முதோலுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் இது பெரிய நாய், இரண்டரை அடிவரை போகும், சாப்பாட்டுச் செலவும் அதற்கேற்றபடி. முழு வெள்ளை நிறத்தோடு காது கேளாமை சேர்ந்து வரும் வாய்ப்பு இந்த இனத்தில் உண்டு. குட்டி திரும்பிப் படுத்திருக்கும்போது பின்னால் நின்று, காற்று படாத தூரத்தில் கை தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டியைக் காவலுக்கு எடுப்பதில் பொருளில்லை.

முதோல் நாய் கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்துக்காரன். ஓசூரிலிருந்து பெங்களூரு கூப்பிடு தூரம் என்பதால் நம் பக்கத்துக்கு இது சுலபமாக வந்துசேர்கிறது. 2016இல் ராணுவம் மீரட்டில் இதற்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது என்ற செய்தி வந்ததும் ‘மிலிட்டரி நாய்’ என்று பேர் எடுத்துவிட்டது. பயிற்சியாளர் கையில் அது செய்வதை நம் கொட்டாயில் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதுவும் கண்ணால் வேட்டையாடும் ஓட்டக்காரன். கன்னிக்குச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும்.

ஓசூர் லேஅவுட்களில் பீகிள் வளர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். அதுவும் வேட்டை நாய்தான், இங்கிலாந்தில் கூட்டமாக முயலை மோப்பம் பிடித்த இனம். ஒன்றேகால் அடி உயரம், பத்து கிலோ சுமார். எல்லோரிடமும் சிரித்துப் பேசும் குணம். சின்ன வீட்டுக்கு ஏற்றது என்று வாங்கி, தனியே விட்டுவிட்டுச் சிப்காட்டுக்கு ஷிப்டு போனால் நாள் முழுக்க ஊளையிடும்; பக்கத்து வீட்டுக்காரர் உங்களைத் தேடி வருவார். தோப்புக் காவலுக்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது தெருவில் படுத்திருக்கும் நம் நாட்டு நாய். இதை ஒப்பீட்டில் சேர்த்தாலே சிலருக்கு முகம் சுளிக்கும். நான் சேர்க்கிறேன், அதுவும் ஒரு படி மேலே வைத்து. எதையும் ஒரே வேலைக்காகத் தீட்டாததால் இதன் குணத்தில் அதிகப்படி எதுவும் கிடையாது. ஆபத்தைக் கண்டால் தூரத்தில் நின்று குரைக்கும், கிட்டே வந்தால் பின்வாங்கும், மறுபடி வந்து குரைக்கும். காட்டோரக் காவலுக்குச் சரியான புத்தி அதுதான். தோல் நோய் குறைவு, செரிமானம் பலம், விலை இல்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளில் இரண்டைப் பெட்டையாக எடுத்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டுவந்தால் மூன்று ஏக்கர் தோப்புக்கு அந்த இரண்டு போதும்.

காட்டோரம் என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, ஜவளகிரி, இந்தப் பக்கம் பென்னாகரம், பாலக்கோடு வரை காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களை ஒட்டிய ஊர்கள். கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. யானையைக் கண்டு பயப்படாத நாய் பெருமைக்குரியது என்று தோன்றும். நடப்பது வேறு: நாய் போய்க் குரைத்துச் சீண்டும், யானை திரும்பும், நாய் ஓடி வருவது உங்கள் காலடிக்கு. பின்னாலேயே யானையும் வரும். அங்கே பரணில் காவல் இருப்பவருக்குத் துணிச்சல்கார வேட்டை நாயைவிடக் கூப்பிட்டால் வருகிற நாய்தான் மேல்.

சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. மேலகிரி மலையடியில் இரவில் திறந்த வெளியில் சங்கிலியில் கட்டிய நாய், எந்த இனமானாலும், தப்பிக்க வழியில்லாத இரைதான். கம்பிக் கதவு போட்ட கொட்டகைக்குள் விட்டால் குரலும் கேட்கும், நாயும் காலையில் இருக்கும். பன்றிக்காக வைக்கும் அவுட்டுக்காயும் (இரைக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) சுருக்குக் கம்பியும் திருட்டு மின்வேலியும் இன்னும் ஒழியவில்லை. கறி நாற்றத்துக்கு அவுட்டுக்காயைக் கவ்வி வாய் சிதறிச் செத்த நாய்கள் மலையோர ஊர்களில் உண்டு. கரட்டில் அலைந்து திரியும் வேட்டை நாய்க்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

‘வேட்டை நாய்தானே, ஒருநாள் முயலுக்கு விட்டுப் பார்ப்போமே’ என்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். முயலானாலும் பன்றியானாலும் நாயை ஏவினவர்மேல்தான் வழக்கு. பன்றித் தொல்லைக்காக 2025இல் அரசு கொண்டுவந்த ஏற்பாட்டிலும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறைக்காரர் மட்டுமே சுட முடியும். நம் நாய்க்கு அதில் பங்கில்லை. ஆகவே வேட்டைக்கு என்று வாங்கும் கணக்கையே எடுத்துவிட்டு, காவலுக்கும் துணைக்கும் மட்டும் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கில் என் முடிவு இதுதான். காட்டிலிருந்து விலகி, ஊர்களுக்கு நடுவே இருக்கும் மாந்தோப்பு, குடும்பம் அங்கேயே குடியிருக்கிறது, ஆடு கோழி உண்டு என்றால் ஒரு கோம்பைப் பெட்டை. கடுவனைவிடப் பெட்டை நிதானம், எல்லை தாண்டி அலைவதும் குறைவு. குடும்பம் ஊருக்குள் இருந்துகொண்டு, தோப்புக்கு ஒருவர் மட்டும் போய்வருகிறார் என்றால் கோம்பை வேண்டாம். பழக ஆளில்லாத கோம்பை முரடாகிவிடும். அங்கே நாட்டு நாய் இரண்டு. அஞ்செட்டி மாதிரிக் காட்டோரத்திலும் அதுவே. கன்னியும் சிப்பிப்பாறையும் யாருக்கு? விடியற்காலையில் எழுந்து, நீரில்லாத ஏரிக்குள்ளோ மூடிய மைதானத்திலோ தினம் ஓடவிட நேரமும் ஆசையும் உள்ளவருக்கு. வீட்டுக்குள் படுக்க இடம் கொடுப்பவருக்கு. அப்படிப்பட்டவருக்கு அதைவிட அமைதியான துணை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே அதை நிறையக் குறை சொல்லிவிட்டேன்.

இனத்தை முடிவு செய்தபின் குட்டி தேடும்போது கவனம் வேண்டும். கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் முதலில் பதிவு செய்த நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றும்தான். ஊரில் ‘ஒரிஜினல் கோம்பை’ என்று விற்பதில் செவலை நிற நாட்டு நாயும், பெரிய வெளிநாட்டு நாயோடு கலந்ததும் இருக்கும். தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். தாய் உங்களைப் பார்த்துக் குரைத்துவிட்டு, வீட்டுக்காரர் சொன்னதும் அடங்கினால் நல்லது. மூலையில் ஒடுங்கி நடுங்கினாலோ, சொல்லியும் அடங்காமல் பாய்ந்தாலோ அந்த ஈற்றை விட்டுவிடலாம். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பவரிடமும், காதை வெட்டிவிட்டு ‘அப்பத்தான் கோம்பை லுக்கு வரும்’ என்பவரிடமும் வாங்க வேண்டாம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான முதல் ஊசி போட்ட சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் தோட்டங்களில் சாதாரணம்; ஈறு வெளுத்து, தீனி எடுக்காமல் படுத்தால் இரண்டாம் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

களியும் மோரும் ஊற்றினால் நாய் உயிரோடு இருக்கும், வளராது. வளரும் குட்டிக்கு முட்டையோ வேகவைத்த கோழிக் கழிவோ தினம் வேண்டும்.

கோம்பை என்று முடிவானால், குட்டியை வாங்கும் மாதத்தையும் யோசியுங்கள். பெங்களூரா மாங்காய் அறுப்பு முடிய ஜூலை ஆகும். பலர் தோப்பைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரரின் காவலாள், பறிக்கிறவர்கள், காய்ப்பெட்டி ஏற்றும் லாரிக்காரர் என்று மூன்று மாதம் புது முகங்கள் வந்துபோகும். ஏப்ரலில் இரண்டு மாதக் குட்டியாக வந்தால், ஆட்களைப் பழகிக்கொள்ளும் இளம் வயதின் கடைசிப் பகுதி இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவரும். கயிற்றில் பிடித்தபடி தினம் கொஞ்ச நேரம் அவர்கள் நடுவே உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே ஒரு துண்டு முட்டை கொடுக்கச் சொல்லுங்கள். வெளி நாய்கள் வந்துபோகும் இடத்தில் மட்டும், ஊசிகள் முடியும்வரை, கீழே விட வேண்டாம். ஆகஸ்டில் வாங்கினால் தோப்பு வெறிச்சென்று இருக்கும். அடுத்த அறுப்பில் லாரி வந்து நிற்கும்போது நாய்க்கு ஒரு வயது ஆகியிருக்கும், லாரிக்காரரை அது அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கும்.